மண்கோட்டையில் நான் நட்ட மூன்று கல்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட் ரயில் எங்கள் ஊருக்குள் நுழைய முன்னர் ஒரு சுரங்கம் வரும். அதன் வாசல் மதிலில் கிழக்குப் பக்கம் முழுவதும் என் கை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்த மண்ணைத் தாங்கி நிற்கிறதே ஒரு சுவர், இரண்டு கொம்பனிகள் பார்த்துவிட்டுச் சரிவராது என்று போன இடம் அது. நாங்கள் நான்கு பேர் பனிக்குள் நின்று அதை எழுப்பினோம். பெரிய பள்ளிக்கூடத்தின் படிக்கட்டும் நான் போட்டதுதான். அதில் ஏறிப் படிக்க எனக்குக் கிடைக்கவில்லை, ஆனால் ஏறுகிற பிள்ளைகள் வழுக்கி விழாமல் இருப்பது என்னால். டோர்ட்மண்டில் ஒரு கோயில் மடப்பள்ளிக்குப் புகைபோக்கி கட்டிக் கொடுத்தேன். அதற்கு முன் பொங்கல் நாளில் புகைக்குள் ஐயருக்கே முன்னால் நிற்கிறவர் யாரென்று தெரியாது. பிறகு என் சொந்த வீடு. அத்திவாரத்திலிருந்து கூரை வரை, சனி ஞாயிறுகளில் மட்டும், ஐந்து வருடம்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்தபோது ஒரு சொல் ஜேர்மன் தெரியாது. வேலை செய்ய அனுமதி இல்லை என்று சொல்லி முதலில் அகதி முகாமில் வருடக் கணக்காகச் சும்மா இருத்தி வைத்தார்கள். மேசன் கையைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்தக் கடதாசிகளை எழுதினவர்களுக்குத் தெரியாது.

இவற்றில் ஒன்றிலும் என் பெயர் இல்லை. எனக்கு அதில் கோபமும் இல்லை. சம்பளம் தந்தார்கள், வாங்கினேன், முடிந்தது. ஆனால் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. மூன்று கல். யாருடைய சம்பளத்துக்கும் இல்லாமல் நானாகச் செய்தது. அதற்குப் பக்கத்தில் இப்போது ஒரு பலகை நட்டு, பண்டைக் காலத்தது என்று எழுதியிருக்கிறார்கள். யார் இந்தப் பண்டைக் காலம்? நாற்பது வருடம் கட்டட வேலை செய்திருக்கிறேன், அப்படி ஒரு ஆளோடு நான் ஒரு நாளும் சாந்து குழைத்ததில்லை.

எங்கள் ஊருக்குப் பின்னால் காடு. காட்டின் விளிம்பில் வட்டமாக ஒரு மண் அணை, ஆள் உயரம், சில இடங்களில் இரண்டு ஆள் உயரம். வெளியே சுற்றிவர அகழி மாதிரிப் பள்ளம். உள்ளே ஒரு பந்து விளையாடும் திடல் அளவு சமதரை. ஒரு பக்கத்தில் மட்டும் வாசல்போல வெட்டு. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய கோட்டை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இந்த மேட்டின் அடியில்தான் ஊர்க்காரரின் தோட்டத்துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு துண்டுக்குப் பெயர் பதிந்துவிட்டு மற்றவர்கள் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். எனக்கு ஒரு கிழமையில் தந்தார்கள். மேட்டோடு ஒட்டின கடைசித் துண்டு. ஏன் இவ்வளவு கெதியில் என்று நான் கேட்கவில்லை.

கதைகள் பிறகுதான் வந்தன. ஒருவர் சொன்னார், ஓர் அரக்கனின் பெண்சாதி முன்றானையில் மண் கட்டிக்கொண்டு போகும்போது முடிச்சு அவிழ்ந்து கொட்டியதுதான் இந்த அணை என்று. இன்னொருவர், இல்லை, பழைய சண்டையில் வந்த சுவீடன் படை ஒரே இரவில் வெட்டியது என்றார். உள்ளே ஒரு பொன் கன்றுக்குட்டி புதைந்து கிடக்கிறதாம். தோண்டுகிறவனின் மண்வெட்டி முறியுமாம். என் பக்கத்துத் துண்டில் தேனீ வளர்த்த ஒரு ஜேர்மன் அம்மா இருந்தார், எழுபது வயதிருக்கும். அவர் அரக்கனையும் சுவீடனையும் ஒரே கையால் தள்ளிவிட்டார். தன் பாட்டன் வீட்டார் படை வரும்போதெல்லாம் மாடுகளை உள்ளே ஓட்டி மறைத்தார்கள் என்றும், கடைசிப் பெரிய சண்டையின் முடிவில் தன் தாயே அங்கே இரண்டு பன்றிகளையும் படையை விட்டு ஓடிவந்த ஒரு தம்பியையும் ஒளித்து வைத்திருந்தார் என்றும் சொன்னார். மூன்றுக்கும் ஒரே சாப்பாடுதான் கொண்டுபோனாராம்.

நான் இவற்றைக் கேட்டுச் சிரித்தேன். என்னைப் பயப்படுத்த ஒரு அயர்லாந்துக்காரன் வரவேண்டியிருந்தது.

அவன் எங்கள் கொம்பனியில் மண் தோண்டும் மெசின் ஓட்டினவன். என்னைவிட ஒரு முழம் உயரம், கழுத்து எப்போதும் செங்கல் நிறம். அவனுடைய ஜேர்மனும் என்னுடைய ஜேர்மனும் ஒரே அளவு உடைந்தவை. அதனால் எங்கள் இருவருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் பீப்பா இறக்க உதவிக்கு வந்தவன், மேட்டைக் கண்டவுடன் தொப்பியைக் கழற்றினான். உள்ளே வா, சுற்றிக் காட்டுகிறேன் என்றேன். வரமாட்டேன் என்றான்.

அவனுடைய தகப்பனின் வயலிலும் இதே மாதிரி ஒரு வளையம் இருக்கிறதாம். அயர்லாந்து முழுக்க வயலுக்கு வயல் இருக்கிறதாம். டேன்மார்க்கிலிருந்து வந்தவர்கள் கட்டியது என்று சிலர் சொல்வார்களாம். ஆனால் அவனுடைய தாய், அது நிலத்துக்கடியில் இருக்கிறவர்களின் வீடு என்பாராம். அவர்களுடைய உண்மையான பெயரை அவன் சொல்லமாட்டான், 'நல்ல சனம்' என்றுதான் சொல்வான். எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் ஆட்களும் கொப்புளம் போட்டால் நோயின் பெயரைச் சொல்லாமல் அம்மாள் வந்திருக்கிறா என்றுதானே சொல்வார்கள். வளையத்துக்குள் கன்றுகளை அடைக்கலாமாம், மழைக்கு ஒதுங்கலாமாம், அதற்கு அடியிலுள்ள நிலவறையில் வெண்ணெய் வைக்கலாமாம், பொலிசுக்குத் தெரியாமல் காய்ச்சின சாராயமும் வைக்கலாமாம். ஏர் மட்டும் வைக்கக்கூடாது. அதில் நிற்கும் முள்மரத்தை வெட்டவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் படலைக்குத் தூண் வேண்டுமென்று ஒன்றை வெட்டினான், அன்றிரவே வாய் ஒரு பக்கம் கோணிப்போனது, சாகும்வரை அப்படித்தான் சாப்பிட்டான் என்றான்.

என் துண்டின் எல்லையில், மேட்டின் மேல், ஒரு முள்மரம் நின்றது. வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கும். என் மிளகாய்க் கன்றுகளுக்கு வரும் வெயிலை முழுதாகக் குடித்தது. அடுத்த சனிக்கிழமை அதை வெட்டினேன். யாரோ ஒருவனுடைய தாய் சொன்னதற்காக நான் மிளகாய் இல்லாமல் இருக்கமுடியாது.

திங்கட்கிழமை சாரத்தில் பலகை சரிந்து இரண்டாம் மாடியிலிருந்து மணல் குவியலில் விழுந்தேன். வலது கால் முறிந்தது. அயர்லாந்துக்காரன் ஆஸ்பத்திரிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். பிறகு கேட்டான்.

"எத்தனை வெட்டினாய்?"

"ஒன்று."

என் கட்டுப்போட்ட காலைப் பார்த்தான், போர்வைக்குள் இருந்த மற்றக் காலைப் பார்த்தான். "அப்ப ஒன்று மிச்சம்" என்றான்.

நான் பயந்துதான் கல் நட்டேன் என்று யாராவது சொன்னால் அது பொய். பலகையைச் சரியாகக் கட்டாதவன் யார் என்றும் எனக்குத் தெரியும், அவனிடம் அதை நேரே கேட்டுமிருக்கிறேன். ஆனால் ஒருவனுடைய வளவுக்குள் கேட்காமல் கோடரியோடு போனவன் பிறகாவது போய் நின்று ஒரு சொல் சொல்லவேண்டும். அது மரியாதை. அந்த வளவின் சொந்தக்காரருக்கு அயர்லாந்தில் என்ன பெயரோ, எனக்கு ஒரு பெயர்தான் தெரியும். எல்லையில் நிற்பவர், காவல்காரர், கூரை வேண்டாம் என்று வெளியில் இருப்பவர். வைரவர்.

வைரவருக்கு ஒரு கல் போதும். நான் மூன்று நட்டேன், அது மேசன் புத்தி: ஒன்று சாயும், ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்த மூன்று சாயாது. கால்கட்டை வெட்டி எடுத்த அடுத்த கிழமை, காலை இழுத்து இழுத்து, ஆற்றங்கரையிலிருந்து கல் தேர்ந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்தேன். கோட்டை வாசலுக்கு இடப்பக்கம், வெட்டின முள்மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில், ஒரு முழம் தோண்டினேன். மண்வெட்டி முறியவில்லை. சீமெந்தும் மணலும் ஒன்றுக்கு மூன்று போட்டுக் குழைத்து ஊற்றி, அது இறுக முன்னம் என் இடது உள்ளங்கையை அதில் அழுத்தினேன். ஏன் செய்தேன் என்று அன்று தெரியாது. என் இடது சுண்டுவிரலில் ஒரு கணு இல்லை. கல் வெட்டும் மெசின் எடுத்துக்கொண்டது. அந்தக் கையின் அச்சுக்கு மேல்தான் நடுக் கல் நிற்கிறது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் வைப்பாள். வருடத்தில் ஒரு நாள் உழுந்து வடை சுட்டு, நூலில் கோத்து, கல்லுக்கு மாலையாகப் போடுவோம். முதல் வருடமே தேன் அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன்: இந்த இடத்துக்கு ஒரு காவல்காரர் இருக்கிறார், பால் குடிப்பார், வளையம் சாப்பிடுவார். அவர் வடை ஒன்றைக் கடித்துப் பார்த்து, இனிப்பு இல்லையே என்று கவலைப்பட்டார்.

அந்தக் குளிரில் அவருடைய தேனீக்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின. வசந்தம் வந்தபோது ஒரு நாள் பார்க்கிறேன், கல்லுக்கு முன்னால் எங்கள் கிண்ணத்தோடு இன்னொரு கிண்ணம், பூப்போட்ட பீங்கான். கல்லில் ஒரு நூல், நூலில் சின்னச் சின்ன பிரெட்செல், முறுக்குப்போல வளைத்துச் சுடுகிற இந்த நாட்டு ரொட்டி. தேன் அம்மா வைத்தது. அந்த வருடம் தேன் நன்றாக வந்தது. ஒரு பெரிய போத்தல் எங்களுக்கும் தந்தார். அதற்குப் பிறகு அவருடைய தங்கை வந்தார், தங்கையின் சிநேகிதிகள் வந்தார்கள், முயல் வளர்க்கிற ஒருவர் வந்தார். பாலர் பாடசாலை ஆசிரியை பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிவந்து, இங்கே நிலத்தடி மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பசிக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து பிரெட்செல் தொங்கவிட்டார்கள். நான் மிளகாய்க்குத் தண்ணீர் விட்டபடி பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நாட்டுக்குக் கையில் ஒரு பையோடு வந்து, அந்த நாட்டுக்கே ஒரு சாமியைக் கொடுத்தவன் எத்தனை பேர்?

இருபது வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. தேன் அம்மா செத்துப்போனார். அயர்லாந்துக்காரன் ஓய்வெடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டான். நானும் வேலையை விட்டேன். இந்த வருடம் வைகாசியில், ஊரின் பழைய சரித்திரத்தைப் பார்க்கிற சங்கம் கோட்டை வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை வைத்தது. திறப்பு விழாவுக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். நான் கோட் போட்டுக்கொண்டு போனேன். மனைவியும் மூத்த மகளும் வந்தார்கள்.

சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். பலகையை மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு, எழுதியிருந்ததை உரத்து வாசித்தார். அரக்கன் பெண்சாதி வந்தாள், சுவீடன் வந்தான், மாடும் பன்றியும் வந்தன. பிறகு என் கற்கள் வந்தன. மூன்று கற்களின் தோற்றம் அறியப்படவில்லை என்றார். பண்டைக் காலத்திலிருந்தே இப்பகுதி மக்கள் நிலத்தடி மனிதர்களுக்காக இங்கே பால் வைத்து, வளைய வடிவ ரொட்டிகளை மாலையாகத் தொங்கவிட்டு வந்திருக்கிறார்கள் என்றார். அந்த வளையம் கோட்டையின் வட்டத்தைக் குறிப்பதாக இருக்கலாமாம்.

என் மனைவி வாயில் கையை வைத்து மூடிக்கொண்டாள். உழுந்து வடைக்கு ஏன் ஓட்டை போடுகிறோம் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை.

நான் கையை உயர்த்திக்கொண்டு முன்னால் போனேன். அது நான் நட்டது, பால் வைத்தது என் மனைவி என்று சொன்னேன். என் ஜேர்மன் இப்போது அவ்வளவு உடைந்ததில்லை, எல்லோருக்கும் விளங்கியிருக்கும். தலைவர் சிரித்தபடி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"பாருங்கள், இது எவ்வளவு அழகான விஷயம். தூரத்திலிருந்து வந்தவர்கள்கூட நம்முடைய பழைய வழக்கத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் என்னை எத்தனையோ விதமாக அவமதித்திருக்கிறார்கள். சாப்பாட்டு வரிசையில், கந்தோர்களில், வேலைத்தளத்தில். கை தட்டி அவமதித்தது இதுதான் முதல் தடவை.

மறுபடி வாயைத் திறந்தேன். மகள் என் கோட்டின் கையைப் பிடித்து இழுத்துக் காருக்குக் கொண்டுபோனாள். அவள் கட்டட அனுமதி கொடுக்கிற ஒரு கந்தோரில் வேலை செய்கிறவள், சட்டம் தெரிந்தவள். காருக்குள் ஏறினபிறகுதான் கதைத்தாள்.

"அப்பா, அது பாதுகாக்கிற இடம். அங்க ஒரு மண்வெட்டி வைக்கவே அன்ட்ராக் எழுதிப் போட்டு அனுமதி எடுக்க வேணும். நீங்கள் கிடங்கு கிண்டி சீமெந்து ஊத்தியிருக்கிறியள். இதை அந்தாள் நம்பியிருந்தால் உங்களுக்குத் தண்டம், கல்லையும் பிடுங்கி எறிவினம். நம்பாதது உங்கட அதிர்ஷ்டம். பேசாமல் இருங்கோ."

"நான் களவெடுக்கேல்லைப் பிள்ளை. நட்டனான்."

"ஓம், அதுதான் பிரச்சினை. களவெடுத்திருந்தால் திருப்பிக் குடுக்கலாம்."

மனைவி பின் ஆசனத்திலிருந்து மெல்லச் சொன்னாள். "இஞ்சாருங்கோ, வைரவருக்கு ஆருடைய பேரில பலகை இருந்தா என்ன? பால் கிடைக்குதுதானே. எங்களுக்குப் பிறகும் கிடைக்கும். பிள்ளையள் பால் வைக்கேலாமல் போனாலும் இவையள் வைப்பினம்."

அவள் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கல் நிற்கும், பால் கிடைக்கும், நான் மட்டும் இல்லை. வாயைத் திறந்தால் நான் இருப்பேன், கல் போகலாம்.

இரண்டு கிழமை யோசித்தேன். பிறகு அயர்லாந்துக்காரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னதும், கை தட்டின இடத்தில் அவன் இருமும்வரை சிரித்தான். சிரித்து முடிந்து, சொல்லாதே என்றான்.

"எங்கட வளையங்கள் இன்னும் நிற்பது ஏன் தெரியுமா? ஆர் கட்டினது என்று ஒருத்தருக்கும் தெரியாது, அதனாலதான். நல்ல சனத்தின் வீடு என்றால் தொடப் பயம். ஒரு மேசன் கட்டினது என்று தெரிந்தால், அடுத்த நாளே ஒருத்தன் மெசினோட வருவான். நானே ஓட்டியிருப்பன்."

அது நல்ல கதைதான். ஆனால் அவன் சொல்லச் சொல்ல எனக்கு வேறொன்று தெளிந்தது. அவனுடைய நாட்டில் டேன்மார்க்குக்காரன், நல்ல சனம். இங்கே அரக்கன் பெண்சாதி, சுவீடன். ஒரு கதையிலாவது கல் தூக்கினவன் வருகிறானா? அந்த அணையை ஆராவது கூடை கூடையாகச் சுமந்திருக்கவேண்டும். மழையில் வழுக்கியிருப்பான், விரல் நசுங்கியிருக்கும், மாலையில் முதுகை நிமிர்த்த முடியாமல் ஏசியிருப்பான். அந்த மனிதனை எடுத்துவிட்டு அவனிருந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளையின் முன்றானை முடிச்சை வைத்துவிட்டார்கள். அவன் செத்து மண்ணாகிப் போனதால் எழும்பி வந்து கேட்க முடியவில்லை.

"உன்ர ஆள் செத்து எத்தனையோ காலம்" என்றேன். "நான் இன்னும் சாகேல்லை."

"அப்ப மற்றக் காலைக் கவனமாகப் பார்த்துக்கொள்" என்றான்.

அன்று மத்தியானமே மேசையில் இருந்து கடிதம் எழுதினேன். மகளைக் கேட்கவில்லை. என் ஜேர்மன், என் எழுத்து, பிழை இருந்தால் அதுவும் என்னுடையது. ஒரு பிரதி சங்கத்தின் தலைவருக்கு. ஒரு பிரதி பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கிற கந்தோருக்கு. தபால் பெட்டியில் நானே போட்டேன். இரவு சாப்பிடும்போதுதான் வீட்டில் சொன்னேன். மகள் கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். மனைவி அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு கிண்ணம் பால் வைத்தாள்.

இன்னும் பதில் வரவில்லை. கடிதத்தில் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், தபால் தொலைந்தது என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

நடுக் கல்லைக் கிளப்பிப் பாருங்கள். நான் பக்கத்தில் நிற்கும்போது கிளப்புங்கள். கீழே சீமெந்து இருக்கும். பண்டைக் காலத்து மனிதனுக்குச் சீமெந்து மூட்டை விற்ற கடை எது என்று தலைவர் விளக்கட்டும். சீமெந்தில் ஓர் இடது கை இருக்கும், சுண்டுவிரலில் ஒரு கணு குறைய. என் கையை அதன்மேல் வைத்துக் காட்டுகிறேன். தண்டம் என்றால் கடதாசியை அனுப்புங்கள், இதைவிடப் பெரிய கடதாசிகளை இந்த நாட்டில் நான் வாசித்திருக்கிறேன். கல்லைத் திரும்ப வைக்கும் வேலையை மட்டும் வேறு ஆளிடம் கொடுக்கவேண்டாம். தூக்குக்குண்டு பிடித்தது மாதிரி அதை நேராக நிறுத்த இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்தாலும் பரவாயில்லை, யாருடைய கல்லைப் பிடுங்கினோம் என்று எழுதிவிட்டுப் பிடுங்குங்கள். நிற்க விட்டால், பலகையில் அறியப்படவில்லை என்ற சொல்லை அழியுங்கள். இந்த மூன்று கல்லை நட்டவர் இந்த ஊரில் இருக்கிற மேசன், முதல் பால் வைத்தவர் அவருடைய மனைவி, முதல் மாலை உழுந்து வடை என்று எழுதுங்கள். பூப்போட்ட கிண்ணம் வைத்த தேன் அம்மாவையும் எழுதுங்கள்.

இங்கே எழுதினதில் நான் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை, என் பெயர் உட்பட. அந்தப் பலகையில் மட்டும் அது வேண்டும். எப்படி எழுதுவது என்று சொல்ல நானே நேரில் வருவேன், கோட் போட்டுக்கொண்டு.